கதை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முடிக்கல

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாலும் சரி, லோ யாட் பிளாசாவில் கேம் கடை முன்னால் நின்றாலும் சரி, நாலு தமிழ்ப் பையன்கள் கேம் பற்றிப் பேசினால் இந்த உரையாடல் ஒருமுறையாவது காதில் விழும். "கதை வேற லெவல்டா, அழுதுட்டேன்." "முடிச்சிட்டியா?" "இல்ல லா, பாதியில நிக்குது." கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஒரு நாவலைப் பற்றி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கதை அருமை, கண்ணீரே வந்துவிட்டது, கடைசி நூறு பக்கம் மட்டும் படிக்கவில்லை. கேட்பவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கேம் என்றால் மட்டும் அது யாருக்கும் உறுத்துவதில்லை.

இதற்கு எல்லாரும் வைத்திருக்கும் விளக்கம் ஒன்றுதான். கதை நன்றாக இருந்தால் முடிப்பார்கள், சுமாராக இருந்தால் விட்டுவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் உங்களுக்குப் பிடித்த நீளமான கேம் ஏதாவது ஒன்றின் அச்சீவ்மென்ட் பட்டியலை, அதாவது ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் கிடைக்கும் பதக்கங்களின் பட்டியலைத் திறந்து, உலக அளவில் எத்தனை விழுக்காட்டினர் எதைப் பெற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். முன்கதை முடிந்ததும் கிடைக்கும் பதக்கத்தையும் கடைசிக் காட்சிக்குக் கிடைக்கும் பதக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கதைக்காகவே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடப்படும் கேம்களிலும் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். மலிவு விற்பனையில் வாங்கிப் பத்து நிமிடம் தொட்டுப் பார்த்தவர்களை ஒதுக்கிவிட வேண்டும் என்றால், முதல் பதக்கத்தை விட்டுவிட்டு மூன்றாவது நான்காவது பதக்கத்திலிருந்து கணக்கெடுங்கள். அப்போதும் பள்ளம் மறையாது. பத்து மணி நேரம் விளையாடி, கதையில் ஊறி, நாயகன் நாயகியோடு ஒட்டிப்போனவர்களே விட்டுப்போகிறார்கள். கதை பிடிக்காமல் போனது காரணமாக இருக்க முடியாது.

என் கருத்து இதுதான். ஒரு கேமை முடிக்க வைப்பதில் கதையின் தரத்துக்கு நாம் நினைக்கும் அளவுக்குப் பங்கில்லை. மூன்று வாரம் கண்ட்ரோலரைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வருபவரை அந்தக் கதை எப்படி உள்ளே அழைத்துக்கொள்கிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் அடங்கியிருக்கிறது.

பதினேழு வாரக் கணக்கு

தி விட்சர் 3 கேமின் மூலக் கதையை மட்டும் முடிக்கச் சுமார் 50 மணி நேரம் ஆகும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஏறக்குறைய அதே அளவு. பெர்சோனா 5 என்றால் 100 மணி நேரம். கோலாலம்பூரில் வேலைக்குப் போகிறவரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நீந்தி வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு முடிக்க இரவு ஒன்பது. வெள்ளி இரவு இரண்டு மணி நேரம், ஞாயிறு கோயில், உறவு, துணி துவைப்பது எல்லாம் போக ஒரு மணி நேரம். ஆக வாரத்துக்கு மூன்று மணி நேரம். 50 மணி நேரக் கதைக்கு 17 வாரம். பெர்சோனாவுக்கு எட்டு மாதம். இந்த 17 வாரத்துக்குள் ஒரு தீபாவளி வரும், சுங்கை சிப்புட்டுக்கோ தைப்பிங்குக்கோ ஊருக்குப் போக வேண்டியிருக்கும். தங்கைக்கு எஸ்பிஎம் தேர்வு வரும், வரவேற்பறைத் தொலைக்காட்சியைத் தொட முடியாது. வேலையிடத்தில் ஆண்டிறுதிக் கணக்கு வரும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு மூன்று வார இடைவெளி ஒன்றாவது விழுந்தே தீரும். நீளமான கேம் என்றாலே அதற்குள் ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் வாரப் பத்திரிகைகளுக்கு இது எப்போதோ தெரியும். தொடர்கதை ஒவ்வொன்றின் தலையிலும் முன்கதைச் சுருக்கம் என்று பத்து வரி போட்டார்கள். போன இதழ் கைக்குக் கிடைக்காதவர் இருப்பார், கிடைத்தும் மறந்தவர் இருப்பார். கூத்து மேடையில் கட்டியங்காரன் வந்து நின்று, நடந்ததையும் நடக்கப்போவதையும் பாதிக் கேலியாகச் சொல்லிவிட்டுப் போவதும் இதற்குத்தான். விடிய விடிய நடக்கும் கூத்தில் நடுவில் கண்ணயர்ந்தவருக்கும், பன்னிரண்டு மணிக்கு மேல் வந்து சேர்ந்தவருக்கும் அவன்தான் கை கொடுப்பான். கேட்பவர் விட்டுவிட்டுத் திரும்புவார் என்பதைக் குறையாக நினைக்காமல், அதையே கணக்கில் வைத்துக் கதையைக் கட்டினார்கள். பல கோடி வெள்ளி செலவில் செய்யப்படும் கேம்களில் பலவற்றில் அந்தப் பத்து வரி இல்லை.

நோவிகிராட்டில் நூல் விட்டுப்போகும் இடம்

தி விட்சர் 3 (2015) வளர்ப்பு மகள் சிரியைத் தேடும் கெரால்டின் கதை. வெலன் பகுதியில் வரும் பிரபுவின் அத்தியாயத்தைப் பிடிக்காதவரைக் காண்பது அரிது. அது ஏன் அவ்வளவு இழுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் தொடர்கதை உத்திதான் தெரிகிறது. சிரி அங்கே வந்து போனதை அந்தப் பிரபு அறிவான். காணாமல்போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துக் கொடு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்கிறான். நாம் கொஞ்சம் கண்டுபிடித்தால் அவன் கொஞ்சம் சொல்கிறான். அவன் சொல்லும்போது சிரியாகவே நாம் அந்தக் காட்சியை ஆடுகிறோம். கேள்வி ஒன்று, அதற்குத் துண்டு துண்டாகப் பதில். எந்த இரவு நிறுத்தினாலும், மறுமுறை வரும்போது 'யாரைத் தேடுகிறோம், எதற்காக' என்பது மறக்காது.

அடுத்து நோவிகிராட் நகரம். சிரியைக் கண்டுபிடிக்க அவளுடன் இருந்த பாணன் டேண்டிலியன் வேண்டும். டேண்டிலியனைக் கண்டுபிடிக்க அவன் பழகிய பெண்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் பிரிசில்லா என்ற பாடகி கொஞ்சம் சொல்வாள். அங்கிருந்து நகரத்து ரவுடித் தலைவர்கள், அவர்களுக்குள் நடந்த ஒரு புதையல் திருட்டு. டேண்டிலியன் சிறைப்பட்டிருக்கிறான் என்று தெரிந்தபின் அவனை மீட்க உருவம் மாறும் டூடூ தேவை. ஒளிந்திருக்கும் டூடூவை வெளியே வரவைக்க ஒரு நாடகம் எழுதி, நடிகர்களைச் சேர்த்து, மேடையேற்ற வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாக எழுதப்பட்டது. அந்த நாடகக் காட்சி இன்றைக்கும் அழகு. ஆனால் எண்ணிப் பாருங்கள்: நாடகம் டூடூவுக்காக, டூடூ டேண்டிலியனுக்காக, டேண்டிலியன் சிரிக்காக. கேள்விக்குள் கேள்வி என்று மூன்று அடுக்கு கீழே இறங்கிவிட்டோம்.

கிளைக்கதை நமக்குப் புதிதில்லை. கிளைக்குள் கிளையாகப் போகும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். அங்கே கதை சொல்லும் பாட்டி, கிளை முடிந்ததும் நம் கையைப் பிடித்து அடிமரத்துக்குக் கூட்டிவந்துவிடுவாள். நோவிகிராட்டில் நடுக் கிளையில் நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து வருபவரின் திரையில் இருப்பது அடுத்த வேலை என்ன என்ற ஒரு வரி மட்டும்: நடிகரைப் போய்ப் பார். எந்த நடிகர்? எதற்கு? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். சிரியின் முகம் கடைசியாக வந்து எட்டு மணி நேர ஆட்டம் ஆகியிருக்கும். பலரும் 'அங்கேதான் நிக்குது' என்று சொல்லும் இடம் இந்த நகரமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இவ்வளவுக்கும் இந்தக் கேமில் முன்கதைச் சுருக்கம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். விட்ட இடத்தைப் பதிந்துவைத்திருக்கும் சேவ் கோப்பை லோட் செய்யும்போது ஓவியம் போன்ற படங்கள் ஓட, டேண்டிலியனின் குரல் கதை எங்கே நிற்கிறது என்று சொல்லும். பணிப்பட்டியலிலும் ஒவ்வொரு பணிக்கும் அவன் எழுதியது போன்ற பத்திகள் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலைத் திறந்து படிப்பவர் குறைவு. குழப்பத்தைப் பெருக்குவது வரைபடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கேள்விக்குறிகள். ஸ்கெலிகே தீவுகளில் கடலுக்கடியில் இருக்கும் கள்ளக்கடத்தல் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படகில் போய் அள்ளத் தொடங்கியவர் கதையை மறப்பது உறுதி. அமைப்பில் போய் அந்தக் குறிகளை அணைத்துவிடலாம். உங்கள் நிலையைவிட ஆறு படி கீழே இருக்கும் பணிகளுக்கு அனுபவப் புள்ளி மிகவும் சொற்பமாகத்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'எல்லாச் சின்னப் பணியையும் முடிச்சிட்டு மூலக்கதைக்குப் போறேன்' என்ற திட்டத்தால் கதையும் போகும், புள்ளியும் பெரிதாக வராது.

படகில் பாதியில் நின்ற கதை

காட் ஆஃப் வார் (2018) கேமில் ஒரு சின்ன விஷயம். கிரேட்டோசும் மகன் அட்ரேயஸும் ஒரு பெரிய ஏரியில் படகில் போகிறார்கள். முதலில் கிரேட்டோஸ் கதை சொல்கிறான், ஆமை முயல் கதையைக்கூட உப்புச்சப்பில்லாமல் இரண்டே வரியில் முடிக்கிறான். பிறகு மிமிரின் வெட்டுண்ட தலை இடுப்பில் தொங்கிக்கொண்டு கூடவே வருகிறது. மிமிர் பெரிய கதைசொல்லி. படகில் துடுப்புப் போடும்போது கடவுளர் கதை ஒன்றைத் தொடங்குவான். நாம் நடுவில் ஒரு கரையில் ஒதுங்கினால், மீதியை அப்புறம் சொல்கிறேன் என்று அவனே நிறுத்துவான். கரையில் சண்டை போட்டு, பெட்டிகளைத் திறந்து, அரைமணி நேரம் கழித்துப் படகில் ஏறினால் பையன் கேட்பான், அல்லது மிமிரே விட்ட இடத்தை ஒரு வாக்கியத்தில் தொட்டுக்கொண்டு தொடர்வான்.

இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். செய்பவர் பக்கம் நின்று பாருங்கள். ஒவ்வொரு கதையையும் வெட்டக்கூடிய இடங்களாகப் பிரிக்க வேண்டும். எந்த வரியில் நின்றது என்பதைப் பதிந்துவைக்க வேண்டும். நிறுத்தும்போது சொல்ல ஒரு வரி, மீண்டும் தொடங்கும்போது சொல்ல ஒரு வரி என்று இணைப்பு வரிகளை நடிகரிடம் தனியாகப் பேசி வாங்க வேண்டும். ஒரே இணைப்பு வரி திரும்பத் திரும்ப வந்தால் எரிச்சலாகும், அதனால் பல வகை வேண்டும். இத்தனையும் செய்தது, ஆட்டக்காரர் குறுக்கே போவார் என்பதைத் தப்பாக எண்ணாததால்தான். நடுவில் போகாதே என்று கட்டிப்போடும் கேம்களும் இருக்கின்றன, போனால் பேச்சை அப்படியே அறுத்து எறிந்துவிடும் கேம்களும் இருக்கின்றன. இந்தப் படகுதான் நான் பார்த்ததில் மரியாதையான ஏற்பாடு.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) இதே வேலையை வேறு வகையில் செய்கிறது. ஆர்தர் மார்கன் தன் நாட்குறிப்பில் நடந்ததைத் தன் கையெழுத்தில் எழுதி, படமும் வரைந்து வைக்கிறான். மாதக்கணக்கில் விட்டவர் முதலில் குதிரையில் ஏறாமல் அந்த நாட்குறிப்பைத் திறந்து கடைசி ஐந்து பக்கத்தைப் படித்தால் போதும், அந்த மனிதனின் மனநிலையே திரும்ப வந்துவிடும். அவுட்டர் வைல்ட்ஸ் (2019) 22 நிமிடத்துக்கு ஒருமுறை உலகமே அழிந்து முதலிலிருந்து தொடங்கும் கேம். அதில் ஆயுதமோ வலிமையோ கூடுவதில்லை, நமக்குத் தெரிந்த செய்தி மட்டுமே கூடும். மறந்தால் எல்லாம் போச்சு. அதனால் கப்பலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். எந்தச் செய்தி எதிலிருந்து வந்தது என்று கோடு போட்டுக் காட்டும், இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கும் இடத்தைத் தனியாகக் குறித்திருக்கும்.

தூங்காமல் போனவர்கள்

பால்டர்ஸ் கேட் 3 (2023) பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். இதைச் செய்த லாரியன் நிறுவனத்தின் தலைமையகம் பெல்ஜியத்தில் இருந்தாலும், அதன் கிளைகளில் ஒன்று நம் கோலாலம்பூரில் இருக்கிறது, இந்தக் கேமில் அதன் உழைப்பும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய விஷயம். இதுவும் பாதியில் நிற்கும் கேம்தான். முதல் அங்கத்தை மூன்று நான்கு முறை புதிது புதிதாகத் தொடங்கியவர்களும், மூன்றாம் அங்கத்தின் நகரத்தைக் கண்டு மலைத்து நின்றவர்களும் ஏராளம்.

கேம் தொடங்கும்போதே உங்கள் மூளையில் ஒரு புழு. சில நாட்களில் நீங்கள் கொடூர உருவமாக மாறிவிடுவீர்கள், உடனே மருந்து தேடு என்று கூட வருபவர்கள் எல்லாரும் பதறுகிறார்கள். அதைக் கேட்ட ஆட்டக்காரர் என்ன செய்வார்? ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று நினைப்பார். முகாமில் இரவு தங்குவதைத் தள்ளிப்போடுவார். ஓர் இரவு முழுதாகத் தங்க, இயல்பான கடினத்தில் 40 உணவுப் பொருள் புள்ளி செலவாகும், டாக்டீஷியன் என்ற கூடுதல் கடினத்தில் 80. அதையும் சேமிக்கலாமே என்று தோன்றும். மந்திரம் தீர்ந்தாலும் சமாளித்துக்கொண்டு, இரண்டு குறு ஓய்வோடு பத்துச் சண்டை வரை இழுப்பார்.

உண்மையில் நீங்கள் எத்தனை இரவு தூங்கினாலும் அந்தப் புழுவால் உருமாற மாட்டீர்கள். கேமின் உயிரான தோழர் கதைகளில் பெரும்பங்கு அந்த முகாம் இரவுகளில்தான் நடக்கிறது. ஆஸ்டாரியன் தன்னைப் பற்றிய உண்மையை வெளிப்படுத்துவது, ஷாடோஹார்ட் மனம் திறப்பது, சண்டை சச்சரவு, காதல் எல்லாம் ராத்திரிக் காட்சிகள். அவை வரிசையில் காத்திருக்கும். பொதுவாக ஓர் இரவுக்கு ஒரு காட்சி. இரண்டாம் அங்கத்துக்குப் போய்விட்டால் முதல் அங்கத்துக்கான காட்சிகள் பல காலாவதியாகிவிடும். பதறிப் பதறித் தூங்காமல் போனவர், முகம் மட்டும் தெரிந்த நாலு அந்நியர்களோடு மூன்றாம் அங்கத்துக்குப் போய்ச் சேர்கிறார். அங்கே ஒவ்வொரு தோழரின் கதையும் முடிச்சவிழும்போது, முடிச்சு எப்போது விழுந்தது என்றே அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் சலிப்பு வராமல் என்ன வரும்? கதை சொன்ன பொய் அவசரத்தை நம்பியதால் கதையையே இழந்தார். சொன்னதைக் கேட்டு நடந்த நல்ல ஆட்டக்காரருக்குக் கிடைத்த தண்டனை இது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பரிகாரம் எளிது. பெரிய சண்டை ஒவ்வொன்றுக்குப் பின்னும் முகாமுக்குப் போங்கள். உணவைச் செலவழிக்க மனம் வராவிட்டால், எதையும் தேர்ந்தெடுக்காமலே படுக்கலாம். உடல்நலமும் மந்திரமும் பாதிதான் திரும்பும், ஆனால் இரவுக் காட்சி நடக்கும். தோழர் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி இருந்தால் படுக்கும் முன் பேசிவிடுங்கள். உண்மையான அவசரம் உள்ள இடங்கள் கைவிட்டு எண்ணக்கூடியவை. தீப்பிடித்து எரியும் வாக்கீன்ஸ் ரெஸ்ட் சத்திரத்தைப் பார்த்துவிட்டு இரவு தங்கினால், உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்ற முடியாது. கிரிம்ஃபோர்ஜில் பாறைக்குப் பின்னால் நச்சுப்புகையில் சிக்கிய நீர் (Nere) என்பவன், நீங்கள் இரண்டு இரவு தங்கினால் இறந்துவிடுவான். இப்படிப்பட்ட இடங்கள் தவிர மற்ற நேரங்களில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஃபால்அவுட் 4 (2015) இதே நோயின் இன்னொரு முகம். கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடும் பெற்றோர், தகரக் கொட்டகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாஸ் எஃபெக்ட் 2 (2010) மட்டும் நேர்மையாக நடந்துகொண்டது. கப்பல் ஊழியர்கள் கடத்தப்பட்ட பிறகு நீங்கள் வேறு பணிகளில் சுற்றினால், அவர்களில் பலர் நிஜமாகவே செத்துப்போவார்கள். ஒருமுறை அப்படி இழந்தவர் அதன்பின் அந்தக் கேம் 'சீக்கிரம்' என்றால் நம்புவார்.

தோல்வியிலும் கதையை நகர்த்திய ஹேடீஸ் (2020) கேமையும் சொல்ல வேண்டும். பாதாளத்திலிருந்து தப்பிக்கும் இளவரசன் ஒவ்வொரு முறை சாகும்போதும் வீட்டுக்கே திரும்புகிறான். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே அமைப்பு. ஆனால் வேதாளம் ஒவ்வொரு முறையும் புதுக்கதை சொன்னது அல்லவா, அதேபோல் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாவுக்கும் புதிதாக ஏதோ சொல்வார்கள். குரல் பதிவு செய்த வரிகள் 20,000-க்கும் மேல். சண்டை ரொம்பக் கடினமாக இருந்தால் காட் மோட் என்ற உதவி வசதியைப் போடலாம். 20 விழுக்காடு பாதுகாப்பில் தொடங்கி, சாகும் ஒவ்வொரு முறையும் 2 விழுக்காடு கூடி 80 வரை போகும். முதல்முறை தப்பித்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பத்து முறை தப்பித்தால்தான் பெயர்ப்பட்டியல் ஓடும். நியர்: ஆட்டோமாட்டா (2017) இந்த விஷயத்தில் சறுக்கியது. பெயர்ப்பட்டியல் முதல்முறை ஓடும்போது கதையின் பெரும்பகுதி இன்னும் தொடங்கவே இல்லை. இன்னும் இருக்கிறது, தொடர்ந்து ஆடுங்கள் என்று பதிப்பாளர் தரப்பிலிருந்தே திரையில் ஒரு செய்தி வருகிறது. அதைத் தாண்டி வந்தாலும் இரண்டாம் சுற்றில் அதே சம்பவங்களை இன்னொருவர் கண்ணால் மறுபடி பார்க்க வேண்டும். அதைப் பொறுத்தவருக்குக் கிடைக்கும் மூன்றாம் சுற்று அபாரம்.

தொடரும் போடும் கை

விளையாடுபவர் பக்கமும் ஒரு பிழை இருக்கிறது. பெரும்பாலோர் ஒரு பணியை முடித்துவிட்டுத்தான் கேமை மூடுவார்கள். பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படுப்பது போல ஒரு திருப்தி. ஆனால் தொடர்கதை எழுதியவர் எங்கே 'தொடரும்' போட்டார்? கதவு தட்டப்படும்போது போட்டார். கதவைத் திறந்து, வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிய பிறகு போடவில்லை. கேமில் 'தொடரும்' போடும் கை உங்களுடையது. பணியை முடித்துவிட்டு அடுத்த பணியைக் கையில் வாங்கி, அதன் முதல் பேச்சைக் கேட்டு, வழியில் பாதித் தூரம் போய் நிறுத்துங்கள். அடுத்த முறை உள்ளே வரும்போது ஒரு சின்னக் கேள்வி சூடாகக் காத்திருக்கும். பெரிய பாஸ் (முதன்மை எதிரி) சண்டையின் வாசலில் மட்டும் நிறுத்தாதீர்கள். அங்கே கேள்வி இருக்கும், ஆனால் கை ஆறிப்போயிருக்கும்.

கை ஆறுவது சாதாரண விஷயமில்லை. மூன்று வாரத்தில் எந்தப் பொத்தான் விலகுவதற்கு, எது தடுப்பதற்கு என்பது போய்விடும். திரும்பி வந்த முதல் சண்டையில் நாலு முறை செத்தவர், 'கதையில இன்ட்ரஸ்ட் போச்சு' என்றுதான் சொல்வார். உண்மையில் போனது விரல் பழக்கம். அதற்கு ஒரு வழி: உள்ளே வந்ததும் மூலப்பணியின் குறியைப் பின்தொடராமல், பக்கத்தில் இருக்கும் எளிய எதிரிகளோடு கால்மணி நேரம் மோதுங்கள். அன்று ஒரு இரவுக்குக் கடினத்தை ஒரு படி இறக்குங்கள். தி விட்சர் 3-இல் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். பால்டர்ஸ் கேட் 3-இல் ஹானர் மோட் என்ற கடின நிலை தவிரவும், காட் ஆஃப் வாரில் உச்சக் கடினம் தவிரவும் இறக்கலாம். நிறுத்தும்போது கைப்பேசியில் ஒரே ஒரு குறிப்பு: யாரைத் தேடுகிறேன், எதற்காக, உயிர் ஏற்றும் பொத்தான் எது. எல்ஆர்டியில் ஸ்விட்சோ ஸ்டீம் டெக்கோ வைத்து ஆடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்லீப் போட்டால் கருவி அந்த நொடியைப் பத்திரமாக வைத்திருக்கும், உங்கள் மனம் வைத்திருக்காது. எதைச் செய்தாலும் 'நியூ கேம்' மட்டும் வேண்டாம். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே பத்து மணி நேரத்தை மறுபடி ஆடி, அதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள்.

செய்பவர்களுக்கு

லெவல் அப் கேஎல் போன்ற நிகழ்வுகளில் நம் சிறு குழுக்கள் தங்கள் கேமைக் காட்டும்போது வருபவர் ஆடுவது பத்துப் பதினைந்து நிமிடம். அதனால் எல்லா உழைப்பும் முதல் பதினைந்து நிமிடத்தில் போய் விழுகிறது. குறுங்கதை என்றால் அது போதும். மலேசியக் குழுவான கைகன் கேம்ஸ் செய்த சிமுலாக்ரா (2017), காணாமல்போன பெண்ணின் கைப்பேசி ஒன்றுக்குள்ளேயே நடக்கும் கதை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையான வெண்பா (2023) ஒன்றரை மணி நேரம். அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லித் தட்டை அடுக்குவதில் தொடங்கும். அத்தியாயங்களுக்கு நடுவே ஆண்டுகள் ஓடிவிடும், எங்கே நிறுத்தினாலும் அடுத்தது தானே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் கதை என்றால் இடைவெளிக்கும் எழுதியாக வேண்டும்.

அதற்குச் செலவு அதிகமில்லை. மூலக்கதையில் 40 கட்டம் இருந்தால் 40 சுருக்கங்கள், ஒவ்வொன்றும் முப்பது சொல்லுக்குள். மொத்தம் 1,200 சொல். நாயகியின் குரலிலேயே எழுதுங்கள். யார், எங்கே, ஏன் என்ற மூன்றும் இருக்கட்டும், 'ஏன்' முதலில் வரட்டும். பெயரை மட்டும் சொன்னால் புரியாது, 'படகு கொடுத்த மீனவர்' என்று உறவோடு சொல்லுங்கள். சேவ் கோப்பில் தேதியும் நேரமும் எப்படியும் பதிவாகும். லோட் செய்யும்போது ஏழு நாள் தாண்டியிருந்தால் சுருக்கத்தைக் காட்டுங்கள், நேற்று ஆடியவருக்குக் காட்டாதீர்கள், தாண்டிப்போகும் பொத்தான் கட்டாயம். பிழை வரக்கூடிய இடம், பணிகளை வரிசை மாற்றி முடிப்பவரிடம்தான். எந்தக் கட்டம் அவர் கடைசியாகத் தொட்டது என்பதை வைத்துச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், எண் வரிசையை வைத்து எடுத்தால் இன்னும் நடக்காததைச் சொல்லிவிடும். பொத்தான் குறிப்புகளையும் அதே ஏழு நாள் கணக்கில் ஒருமுறை மறுபடி காட்டுங்கள்.

சோதனையும் அப்படியே நடக்க வேண்டும். வழக்கமாக ஆட்களைக் கூப்பிட்டு அடுத்தடுத்த நாட்களில் ஆட விடுகிறோம். குழுவில் இருப்பவர்களோ தினமும் ஆடுகிறார்கள், யாருக்கும் எதுவும் மறப்பதில்லை. ஐந்து பேரை இரண்டு மணி நேரம் ஆடவைத்து அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் அந்தக் கேமைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பிறகு கூப்பிட்டு, அதே சேவ் கோப்பைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பின்னால் நில்லுங்கள். முதல் பத்து நிமிடத்தில் அவர் கை முதலில் எந்தப் பொத்தானுக்குப் போகிறது, பணிப்பட்டியலைத் திறக்கிறாரா, வரைபடத்தை எத்தனை முறை திறந்து மூடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி ஒரே கேள்வி கேளுங்கள்: "இப்ப எங்க போறீங்க, எதுக்கு?" அவர் சொல்வதைத் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தின் முப்பது சொல்லை முதலில் திருத்துங்கள்.